கழுவாத விரல்

விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலிக்கும். ஓரத்தில் குத்தினால் அவ்வளவாக வலிக்காது. அத்தைக்கு நான் எப்போதும் ஓரத்தில்தான் குத்தினேன், டாக்டர். அத்தைக்கு எப்படி இப்படி ஆனதென்று நேற்று நீங்கள் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும்.

பள்ளியிலும் அப்படித்தான். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக் குரல் எழும்பாது, வகுப்பே சிரிக்கும். அத்தை சர்க்கரை ஏறிப் படுத்தபோது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தினார்கள். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

காலையில் விரலில் குத்தி, மெஷினில் சர்க்கரை பார்ப்பேன். வரும் எண்ணுக்கு, நீங்கள் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி இன்சுலின் போடுவேன்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. இவ என் விரலைத்தான் கெடுக்கிறா" என்பார் அத்தை, மாமாவிடம். நானும் சிரிப்பேன்.

ஆறு மாதத்தில் எண் நூற்றுப்பத்துக்கு இறங்கிவிட்டது.

"இனி நானே குத்திக்கிறேன்டி. அடுத்த மாசம் நீ ஸ்கூலுக்குக் கிளம்பு. பேசலன்னா போகுது, அங்க போய்க் கொட்டாவியாவது விடு."

அந்த வாரம் ஒருநாள், ஆரஞ்சு உரித்த கையோடு அத்தையின் விரலைப் பிடித்துவிட்டேன். இருநூற்றெண்பது காட்டியது. பதறிப்போய், விரலைக் கழுவித் துடைத்துப் பார்த்தேன். நூற்றுப்பன்னிரண்டு. கழுவாமல் பார்த்தால் இப்படி ஆகுமென்று மெஷினோடு வந்த தாளிலேயே போட்டிருக்கிறது. அந்த வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாளிலிருந்து தினமும் ஆரஞ்சு உரித்தேன்.

"இது மெஷினா, ஜோசியக்காரனா?" என்று மாமா புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதுவும் அதையே சொன்னது. தன் விரலில் குத்திப் பார்த்தார்: தொண்ணூற்றெட்டு.

"மெஷின் ஒழுங்காத்தான் இருக்கு. நீதான் திருட்டுத்தனமா இனிப்பு திங்கற."

"உங்க தலைமேல சத்தியமா தொடலைங்க."

"இருக்கறதே நாலு முடி. சத்தியம் பண்ணியே அதையும் கொட்ட வெச்சிடாத."

அட்டவணையை நான் ஒருநாளும் மீறியதில்லை. எண் கூடியதால் ஊசியின் அளவையும் கூட்டினேன். அத்தைக்கு வியர்த்தது, கை நடுங்கியது. சர்க்கரை ஏறியதால்தான் என்று பயந்து சாப்பாட்டை இன்னும் குறைத்தார். பதினோராம் நாள், பகலில், சமையலறையில் விழுந்தார்.

சர்க்கரை தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் போதும். ஆனால் எண் ஏறியிருக்கும்போது ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் எனக்குப் பதில் வராது. மாமா வரும்வரை, ஒரு மணி நேரம், அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உயிர் தங்கிவிட்டது, நடையும் பேச்சும் திரும்பவில்லை. எண்ணைத் தப்பாகக் காட்டிவிட்டதென்று மாமா இரண்டு மெஷினையும் குப்பையில் போட்டார். பள்ளிப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

நான் பக்கத்தில் போனாலே அத்தை இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார். குளிர் போலிருக்கிறது. இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிடுகிறேன்.