பாதியில பக்கம் மாறும்

வேணாம், அந்தச் சால்வைய பையிலயே வையி. சால்வை போத்த வந்தவன்னு வாசல்லயே சொல்லியிருந்தா கதவையே தெறந்திருக்க மாட்டேன். எல்.ஐ.சி. ஆளுன்னு நெனச்சு உள்ள விட்டுட்டேன். உக்காந்துட்டே, சரி. காபி கீபி எதிர்பாக்காத.

என்னது, சிறப்பு மலர் போடுறீங்களா? காலேஜ் ஃபுட்பால் டீம் சாம்பியன் ஆகி அம்பது வருசமா? போடுங்க. ஆமா, லெஃப்ட் அவுட், எடது ஓரத்துல ஓடுற வீரையன் நான்தான். ஃபைனல்ல அந்த ரெண்டாவது கோலு நான்தான் போட்டேன். எழுதிக்கிட்டியா? அவ்வளவுதான், கெளம்பு.

பஞ்சநதம் மகன்னு இவ்வளவு பெருமையா சொல்ற. உங்கப்பன் செத்த சேதிய பேப்பர்ல பாத்தேன். வரல. வரணும்னு தோணவும் இல்ல. கேப்டனா? கேப்டன்தான், யாரு இல்லேன்னா? போன்ல பதியிறியா? பதி. ஆனா நான் சொல்றத வெட்டாம போடணும். அது உன்னால ஆவாது.

அறுபத்தொம்போதுல எங்க டீம எவனும் மதிக்கல தம்பி. பதினோரு பேருல ஏழு பேருக்குத்தான் பூட்ஸு. நான் வெறுங்கால்ல ஆடுனவன். பூட்ஸ் இல்லாம எறங்கக் கூடாதுன்னு ரெண்டாவது மேட்ச்சுல ரெஃப்ரி சொல்லிட்டாரு. உங்கப்பன் தன்னோட பழச குடுத்தான். ஒரு சைஸ் பெருசு, முன்னால பஞ்சு அடைச்சுப் போட்டேன். இதையும் எழுதிக்க, நன்றி கெட்டவன்னு நாளைக்கு சொல்லுவ.

கிரவுண்டுல வீரா வீராம்பான். பந்து எங்க இருந்தாலும் எனக்குத்தான் அனுப்புவான். அதே வாரம் ஊருக்குப் போனா, உங்க வீட்டு வாசல் வந்ததும் நான் சைக்கிள விட்டு எறங்கி தள்ளிக்கிட்டுப் போவணும். உங்கப்பன் தாழ்வாரத்துல நின்னு பாப்பான். வாயத் தெறக்க மாட்டான். அப்ப எங்கடா போச்சு அந்த ‘வீரா’?

அந்தக் காலம் அப்படியா? காலத்தச் சொல்லாத. உன் தாத்தாவச் சொல்லு.

வெண்மணியில கூலி கேட்ட சனத்த குடிசையில வச்சுக் கொளுத்தி ஒரு வருசம் ஆவல. உங்க வயல்ல குறுவை அறுப்புல எங்க ஆளுங்க கூலி நெல்லு அரை லிட்டரு கூடக் கேட்டாங்க. உன் தாத்தா லாரியில வெளியூர் ஆளக் கொண்டாந்து எறக்குனாரு. எங்கப்பா ஐயாவு செங்கொடிய வரப்புல ஊனிட்டு வயல்ல போயி உக்காந்துட்டாரு. அடிதடி ஆயிப்போச்சு. உங்க ஆளு ஒருத்தனுக்கு மண்டை ஒடைஞ்சுது. எங்க ஆளுங்க ஒம்போது பேருக்கு ஒடைஞ்சுது. கேசு எங்க மேல மட்டும். பட்டியல்ல மொதப் பேரு ஐயாவு.

புது ஆட்சி வந்து ரெண்டரை வருசம் ஆயிருந்துச்சு. மேடைக்கு மேடை ஏழை எளியவன்னு பேச்சு. ஸ்டேசன்ல நாற்காலி என்னவோ உன் தாத்தாவுக்குத்தான் போட்டாங்க. எங்கப்பா ராவோட ராவா கோடியக்கரைக்குப் போயி, உப்பளத்துல வேற பேரச் சொல்லி வேலைக்குச் சேந்துட்டாரு.

பெறவும் அந்த டீம்ல ஏன் ஆடுனேனா? எங்கம்மாவும் இதத்தான் கேட்டுச்சு. அடிச்சவன் மவன் கூட சேந்து எப்புடிடா பந்து ஒதைக்கிறன்னு. என்ன சொல்றது? ஆசை. பந்து காலுக்கு வந்துட்டா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. ஆடுனேன்.

ஒண்ணொண்ணா ஜெயிச்சோம். அரை இறுதியில எங்க கோல்கீப்பரு மீரா உசேன் ரெண்டு பெனால்ட்டிய புடிச்சான். விசில் ஊதுனதும் உங்கப்பன் என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு கிரவுண்டச் சுத்துனான். எறக்கி விட்டு காதுல சொன்னான், ஃபைனல ஜெயிப்போம்டா, அப்பாகிட்ட பேசி உங்கப்பா கேச எடுக்க வைக்கிறேன்னு. சத்தியமா சொன்னான். நான் நம்புனேன். நம்புனேன் பாரு, அதான் எனக்கு இன்னமும் எரியிது.

உனக்கு இதெல்லாம் சொல்லலியா? எப்புடிச் சொல்லுவான்.

ஃபைனலு தை மாசம், தஞ்சாவூர்ல. அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமை நான் பஸ்ஸு மாறி மாறி கோடியக்கரை போனேன். எங்கப்பா காலெல்லாம் உப்புல வெடிச்சுக் கெடந்துச்சு. நீ ஆடி நான் பாத்ததே இல்லையேடான்னாரு. வாப்பான்னேன். நாலாயிரம் பேரு கூட்டம், எவனுக்குத் தெரியப் போவுது? தலையில துண்டக் கட்டிக்க, புங்கமரத்துப் பக்கம் கயித்தோரமா நில்லு, நான் அந்த ஓரமாத்தான் ஓடுவேன்னேன்.

ஆமா, நான்தான் வரச் சொன்னேன். பதியிதுல்ல அந்தப் போனு?

வந்தாரு. சொன்ன எடத்துல நின்னாரு. மொதப் பாதி பூரா அவரு முன்னாடிதான் ஓடுனேன். ஒரு தடவ அவ்வளவு கிட்டக்க போனேன், பீடி வாசனை அடிச்சுது. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு பாதி முடிஞ்சுது.

பாதியில பக்கம் மாறும்னு நான் அவருகிட்ட சொல்லல. மறந்துட்டேன். அவருக்கு என்ன தெரியும்? எடைவேளைக்குப் பெறவு நான் எதிர் ஓரத்துல ஓடுறேன். புள்ள அந்தப் பக்கம் போயிட்டானேன்னு இவரும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால சுத்திக்கிட்டு மெதுவா நடந்து வர்றாரு. அந்தப் பக்கந்தான் பந்தல். பெரிய மனுசங்களுக்கு நாற்காலி. உன் தாத்தா உக்காந்திருக்காரு, பக்கத்துல ஊர் தலையாரி நிக்கிறான். காவலுக்கு வந்த போலீசு ரெண்டு பேரு.

தலையாரிதான் மொதல்ல சட்டையப் புடிச்சான். துண்ட அவுத்தான். எனக்கும் அவங்களுக்கும் பத்தடி இருக்கும். எங்கப்பா கத்தல. திமிறல. என்னைப் பாத்தாரு. அவ்வளவுதான். போலீசு ஒருத்தன் பிடரியில ஒண்ணு வச்சான்.

அப்ப உங்கப்பன் பந்த அனுப்புனான். அவன் அதப் பாத்துட்டு அனுப்புனானா, பாக்காம அனுப்புனானா, எனக்குத் தெரியாது. நீ கேட்டிருந்தாத்தான் உண்டு. பந்து நேரா என் காலுக்கு வந்துச்சு. நான் திரும்பி ஓடுனேன். ரெண்டு பேர வெட்டிட்டு உள்ள போயி அடிச்சேன்.

அதான் நீ பக்கம் பக்கமா எழுதணும்னு வந்திருக்கிற கோலு.

கேச எடுக்க வைக்கத்தான் ஓடுனேன்னு சொல்லிக்கலாம். ரொம்ப வருசம் அப்புடித்தான் சொல்லிக்கிட்டேன். பொய்யி. அந்த நிமிசம் கேசாவது ஒண்ணாவது. பந்து வந்துச்சு, ஓடுனேன். எல்லாரும் என் மேல விழுந்து எந்திரிச்சு நான் திரும்பிப் பாக்குறப்ப பந்தலோரம் யாருமில்ல. கப்பு வாங்குறப்பவும் இருந்தேன். போட்டோவுல சிரிச்சுக்கிட்டு நிப்பேன், பாத்திருப்ப.

கேசப் பத்தி உங்கப்பன் அப்புறம் பேசல. நானும் கேக்கல. கேக்குற மூஞ்சியா எனக்கு?

எங்கப்பா பதினெட்டு மாசம் உள்ள இருந்தாரு. வெளில வந்து ஒரே ஒரு தடவதான் கேட்டாரு. வரப்பு வெட்டிட்டு வாய்க்கால்ல மம்பட்டிய கழுவிக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு நீ ஒதைச்சியே, அது உள்ள போச்சாடான்னாரு. போச்சுப்பான்னேன். ஜீப்புல ஏத்துறப்ப கூட்டம் கத்துன சத்தம் கேட்டுச்சு, நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன்னாரு.

என்ன பாக்குற? எந்திரி. வெளிக் கேட்ட சாத்திட்டுப் போ, மாடு வந்துரும்.