கட்டைப் பிரித்துப் பார்த்த கருணை உள்ளங்களுக்கு

அவைக்குத் தலைமை தாங்கி, அந்தப் பாரத்தால் நாற்காலியில் சற்றே சாய்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! அருகில் அமர்ந்து அமைதியாகப் புன்னகைக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! நரையும் நல்லறிவும் ஒருங்கே வாய்த்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! இறைவனை வணங்கிய அதே கைகளால் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தீக்காயத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கல்லூரி வாசல் மிதிக்காதவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் வரை கையில் கிடைத்ததையெல்லாம் படித்தே வளர்ந்தவள். இவளுக்கு என்ன தகுதி என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். படிக்காமலே மருத்துவரானவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடக் கூடாதா?

என் ஓரகத்தியை உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் மின்னும் உடைகளில் பாதி அவள் தையல் இயந்திரத்தில் பிறந்தவை. சென்ற மாதம் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி சாய்ந்து அவள் வலக்கையைச் சுட்டது. குழாயைத் திறந்து குளிர்ந்த நீரில் கையைக் காட்டி, சுத்தமான துணியால் மூடி, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவ்வளவு எளிதாக விட்டுவிட நாம் என்ன அன்பில்லாதவர்களா? நான் வீடு வந்து சேர்வதற்குள் அன்பு முந்திக்கொண்டது! எதிர்வீட்டு அன்பு பற்பசை கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அன்பு காப்பித்தூள் தூவியது. மாடி வீட்டு அன்பு அதன் மேல் வெண்ணெய் தடவியது. வரவு வைப்பதில் நான் கறார். யார் கொடுத்ததையும் மறக்க மாட்டேன்!

மருத்துவமனையில் நர்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மா, நான் காயத்தைக் கழுவுறதா, மளிகைக் கடையைக் கழுவுறதா?" என்று கேட்டார். சிரிக்கிறீர்கள். கழுவும்போது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

கழுவி முடித்து, கிருமியைக் கொல்லும் வெள்ளி கலந்த மருந்துத் துணியை வைத்து, விரல்களை ஒட்டாமல் தனித்தனியாகச் சுற்றி, பஞ்சு வைத்துக் கட்டினார். "தோல் போயிடுச்சும்மா. இனிமே இந்தக் கட்டுதான் தோல். நாங்க பிரிக்கிற வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. நனைஞ்சாலோ, வாடை வந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே இங்க வாங்க" என்றார்.

வெறும் துணியா அது? கிருமிக்குப் பூட்டிய கதவு! காயத்துக்குக் கட்டிய கூரை! உரிந்த உடலுக்கு உவந்தளித்த இரவல் தோல்!

அந்தக் கதவைத்தான் நம்மவர்கள் தட்டினார்கள். தட்டினார்களா? தாழ்ப்பாளையே கழற்றினார்கள்!

வீடு திரும்பியதும், நலம் விசாரிக்க வருகிறவர்களுக்காகத் தையல் இயந்திரத்தை ஓரம் தள்ளி, நாற்காலிகள் போட்டேன். முதலில் வந்தது எங்கள் பெரியம்மா.

"ஏன்டி, இவ்வளவு தூரம் வந்துட்டுத் துணியைப் பார்த்துட்டா போறது? கொஞ்சம் பிரிச்சுக் காட்டு. அப்பதான் என் மனசு ஆறும்."

பிரித்தாள். அவர் மனம் ஆறியது. காயம்தான் ஆறவில்லை.

அடுத்து மாடி வீட்டு மாமா. "காத்துப் படணும்மா! மூடி வெச்சா புழுங்கிடும்" என்று சொல்லி, குனிந்து, தன் சொந்தக் காற்றையே வாயால் ஊதிக் கொடுத்தார். என்ன தாராளம்! இன்னொருவர் கைப்பேசியில் படம் எடுத்தார், வெளிச்சம் போதவில்லை என்று மறுபடியும் எடுத்தார்.

"ஏன் பிரிச்சே?" என்று அவளைத் திட்டினேன். "பெரியவங்க கேக்குறாங்களேக்கா. எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றாள்.

பின்னால் யார் அது? அந்தப் பெரியம்மா யார் என்றா கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேன். இரண்டாம் வரிசையில் விசிறிக்கொண்டிருப்பவரைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது.

பிறகு கட்டிலிருந்து வாடை வந்தது. கை வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. கிருமி ஆழமாக இறங்கிவிட்டால் விரல்கள் மடங்காமல் போகலாம் என்று இதோ அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மாதான் சொன்னார். படுக்கையில் கிடந்தவள், "அக்கா, ஊசி பிடிக்க முடியுமாக்கா?" என்று கேட்டாள்.

வாய் ஓயாமல் பேசுகிற நான், அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன்.

மறுபடியும் கழுவினார்கள். மறுபடியும் கட்டினார்கள். இந்த முறை அறை வாசலில் நான் நின்றேன். பெரியம்மா மீண்டும் வந்தார். "சாமி கும்பிடுற வீடுன்னு பேரு. வந்தவங்களை வாசல்லயே நிறுத்துறியே?" என்றார்.

"சாமிக்குக் கட்டைப் பிரிக்காமலே காயம் தெரியும், பெரியம்மா. உங்களுக்கும் அந்தப் பார்வை வர்ற வரைக்கும் வெளியில உட்காருங்க" என்றேன். அன்றிலிருந்து எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கிருமி பிடிப்பதற்குத் திமிர் பிடிப்பது எவ்வளவோ மேல்!

ஒரு நிமிடம். தலைவர் ஏதோ சொல்கிறார்... அப்படியா? கேளுங்கள், அன்பர்களே! என் ஓரகத்தியை மேடைக்கு அழைத்து, கட்டைப் பிரித்துக் காட்டினால் விழிப்புணர்வுக்கு நன்றாக இருக்குமாம். படம் எடுக்கவும் ஆள் தயாராம்! இவ்வளவு நேரம் நான் பேசியதைத் தலைவர் எத்தனை கவனமாகக் கேட்டிருக்கிறார் பாருங்கள்!

பதிலை நான் சொல்லப் போவதில்லை. அதோ எழுந்து நிற்கிறாளே, அவளே சொல்லட்டும். என்னம்மா? உரக்கச் சொல்!

"முடியாதுங்க ஐயா. நர்ஸம்மாதான் பிரிப்பாங்க."

கேட்டீர்களா? பெரியவர் கேட்டால் மறுக்கத் தெரியாதவள் சபை நடுவே மறுத்துவிட்டாள்! தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருத்துவர் அம்மா கைதட்டுகிறார், அவர் எப்படிக் கோபிப்பார்?

அந்தக் கட்டை நாளைக் காலையில் பிரிக்கிறார்கள். உள்ளே விரல் மடங்குமா, மடங்காதா, எனக்கும் தெரியாது. பார்க்க வேண்டுமென்று உங்களைவிட எனக்கு ஆவல் அதிகம். ஆனாலும் அந்த முடிச்சை நான் தொடவில்லை. இன்றிரவு நீங்கள் அவளுக்கு ஏதாவது செய்ய விரும்பினால் அவரவர் வீட்டிலிருந்தே வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டுதலுக்குக் கையைத் தொட வேண்டியதில்லை.

பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.