வாசிக்கத் தெரியாதுன்னுதான் எழுதணுமா?

"கோர்ட்டுக்குக் குடுக்குற சத்தியக் கடதாசியில வாசிக்கலைன்னு எழுதினா போதாதா அக்கா? வாசிக்கத் தெரியாதுன்னுதான் எழுதணுமா?"

கலஹாவிலிருந்து பேராதனைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருவர். பிரதேச சபைத் தேர்தலில் கள்ள எண்ணிக்கையால் தோற்றதாகச் சொல்லும் பெண். அவளுக்காக எண்ணும் மண்டபத்தில் நின்று, மறுபடி எண்ண வேண்டாம் என்ற சிங்களத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்ட ஆள்.

"வாசிக்காம கையெழுத்து வச்சா அது ஒன் பிழைன்னு லோயர் சொல்றாரு. தெரியாத ஆளுக்கு யாரும் தமிழ்ல சொல்லலைன்னாத்தான் வழக்கு நிக்குமாம். வழக்குப் போடுற தவணை நாளையோட முடியுது."

"லயத்துல இருக்கிற அத்தனை வீட்டுக்கும் சிங்களக் கடிதம் வாசிச்சுச் சொல்றவன் நான்."

"அதனாலதான் ஒன்னைய நிப்பாட்டினேன்."

"பேசத்தான் தெரியும் அக்கா. கடிதத்த டவுன் பாமசிக்காரர்கிட்ட குடுத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு வந்து சொல்லுவேன்."

தேயிலைச் சரிவுகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கம்மாவோட கிளினிக் கடிதம்?"

"அதுவுந்தான்."

கொஞ்ச தூரம் போனபின் அவரே கேட்டார்.

"கோர்ட்டுல சொல்றது லயத்துக்குத் தெரிய வராதுல்ல?"

"சத்தமா வாசிப்பாங்க தம்பி. தமிழ்லயும் வாசிப்பாங்க."

பேராதனையில் இறங்குவதற்கு எழுந்தவர், சட்டைப்பையில் எல்லோருக்கும் தெரியக் குத்தியிருந்த பேனாவை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தெரியாதுன்னே எழுதச் சொல்லுங்க."