சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக

— பயத்துக்கு எதுக்கு சார் ஆறு வார்த்த? பயம்னு ஒண்ணு இருந்தா பத்தாதா?

— அதாவதுங்க ஐயா, இங்கிலீஷ்காரன் பயத்தக்கூட ரகம் பிரிச்சி வெச்சிருக்கான். திடுக்குனு வந்தா ஒரு பேரு, மனசு ஒடிஞ்சி போனா ஒரு பேரு. ரோடு மறியலுக்கு முந்தின நாளு ஆறையும் போர்டுல எழுதிப் போட்டு, சொந்த வாக்கியத்துல அமைச்சி எழுதிக்கினு வாங்கன்னேன். நம்ப டுடோரியல்ல ஒருத்தனும் எழுதல. உங்க கண்ணகி ஒண்ணுதான் எழுதியிருக்கு.

— அதத்தான் சார் அர்த்தம் சொல்லுங்கன்றேன். நமக்குக் கைநாட்டுதான். மவ இன்னா எழுதுதுன்னு தெரிஞ்சிக்கலாம்னு கச்சிராயபாளையத்துலருந்து நோட்ட எடுத்துக்கினு வந்தேன். தோ, கதவ சாத்திக்கிறேன். ரோட்டுப் புழுதி ஜாஸ்தியா வருது.

— சாத்துங்க, சாத்துங்க. ஞாயித்துக்கெழம, யாரும் வரமாட்டாங்க. பாப்பா வரலீங்களா?

— ஒடம்பு சொகமில்ல. வூட்லயே இருக்குது. படிங்க.

— மொத வார்த்த ஃபியர். சாதா பயம். ‘எங்கள் வீட்டு நாய்க்குப் பட்டாசுச் சத்தம் என்றால் பயம்.’ நல்லாதான் எழுதியிருக்கு.

— ஆமா, தீவாளின்னா கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். அடுத்தது?

— அலாரம். ஏதோ ஆவப்போவுதுன்னு திடுக்குனு ஆவறதுங்க. ‘மறியல் மூன்றாம் நாள், குரைத்துக்கொண்டே இருந்த நாய் சட்டென்று நின்றுவிட்டது. நான் திடுக்கிட்டேன்.’

— ஏன் நின்னுச்சாம்?

— அது எழுதல. தெரிஞ்ச ஆளு யார்னா வந்திருப்பாங்க.

— இருக்கும். மேல.

— பேனிக். பதறி அடிச்சிக்கிறது. ‘பிச்சைமுத்து மாமா பதறிப்போய்க் கரும்புக்குள் ஓடினார்.’ இது உங்க குத்தகைக்காரரு பிச்சமுத்துங்களா? ஆளக் காணோம்னு தேடறாங்களே?

— அவன்தான். பதினெட்டு வருசமா நம்ப கொல்லைய பயிர் வெச்சிக்கினு, உட்டுட்டுப் போடான்னா சட்டம் பேசினான். மறியலப்ப போலீசு புடிக்கும்னு பயந்துக்கினு மலைக்கு ஓடிட்டான். கல்ராயன் மல ஏறிட்டா எவன் தேடறது?

— அந்த ஏழு நாளும் வழி பூரா மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்களே. போலீசு எப்படி அங்க...

— ஜீப்புதான் சார் வராது. சைக்கிள்ல வரமாட்டானா?

— வரலாங்க. வரலாம்.

— இன்னா சார், நின்னுட்டீங்க? நாலாவது வார்த்த.

— இல்ல... எழுத்து கொஞ்சம் கோணலா இருக்குது. டிஸ்மே. பயமும் மனசு ஒடஞ்சி போறதும் ஒண்ணா சேந்து வரும் பாருங்க, அது. ‘மழை பெய்ததால் விளையாட முடியவில்லை. நான் மனம் ஒடிந்தேன்.’

— அவ்ளோதானா?

— அவ்ளோதாங்க.

— அஞ்சி வரி எழுதியிருக்கா. நீங்க சொன்னது இம்மாத்தூண்டா இருக்குது.

— இங்கிலீஷ்ல அப்பிடித்தாங்க. நீட்டி மொழக்கினாதான் மார்க்கு.

— கெணறுன்னு எதனா எழுதியிருக்குதா?

— கெணறா? அதெல்லாம் இல்லீங்களே. ஏங்க?

— சும்மாதான். கொல்லையில ஒரு பழைய கெணறு. மறியல் முடிஞ்சதும் வெட்டிக் கெடந்த புளியமரத் துண்டெல்லாம் உருட்டிப் போட்டு, மேல மண்ணத் தள்ளித் தூத்துட்டேன்.

— தண்ணி நெறைய இருந்த கெணறாச்சே...

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அது... கோமுகி அணைக்குப் பக்கம் பாருங்க. அங்க எல்லாக் கெணத்துலயும் தண்ணி இருக்குமேன்னு சொன்னேன்.

— ஓ.

— ஐயா, ஒரு விசயம். பரீட்ச பாரத்துல பாப்பா கையெழுத்து போடணும். நாளைக்கிக் காலையில அனுப்பி வையுங்க. கட்டாயம்.

— பாரத்தக் குடுங்க. வூட்ல போட்டு வாங்கிக்கினு வரேன்.

— இல்லீங்க, நேர்ல வந்துதான் போடணும். அவங்க ஆத்தா கூட வந்தாலும் சரி. ஒடம்புக்கு முடியலன்னா இங்கயே பெரியாஸ்பத்திரியில காட்டிக்கலாம். நானே கூட்டிக்கினு போறேன்.

— எம் மவமேல உங்களுக்கு அக்கற ஜாஸ்தி சார்.

— படிக்கிற புள்ளைங்க. அதுக்குத்தான்.

— அந்த பிச்சமுத்து பொண்டாட்டி கொளஞ்சியம்மா தெனம் போலீசு ஸ்டேசன் வாசல்ல ஒக்காந்துக்கினு இருக்கா. நீங்க வூட்டுக்குப் போறது அந்த வழிதானே?

— ஆமாங்க. நான் யார்கிட்டயும் பேச்சு வெச்சிக்கறதில்ல.

— நல்லது. அஞ்சாவது?

— டிரெட். இன்னும் வராதத நெனச்சி நெனச்சி இப்பவே பயந்துக்கினு கெடக்கறது. ‘பரீட்சையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.’ எல்லாப் பசங்களும் எழுதறதுதான்.

— உங்களுக்கும் பரீட்சையா சார்? வேர்த்துக் கொட்டுது.

— கதவு சாத்தியிருக்கு பாருங்க... காத்து கம்மி. கொஞ்சம் தெறந்து வெக்கலாமா?

— இன்னும் ஒண்ணுதானே. முடிச்சிட்டுத் தெறப்போம். படிங்க.

— இதுதாங்க கடைசி. டெரர்.

— அப்பிடின்னா?

— கதி கலங்கிப் போறது. கையி காலு ஓடாம, வாயத் தெறந்தா சத்தம் வராம...

— வார்த்தைக்குச் சொன்னீங்க, சரி. அவ எழுதினதுக்குச் சொல்லுங்க.

— ஒரு நிமிசங்க. கண்ணாடி... மங்கலா இருக்குது.

— தொடச்சிக்கிங்க. அவசரமில்ல. நோட்ட ஏன் சார் மூஞ்சிகிட்ட புடிச்சிக்கினு இருக்கீங்க? கீழ வெச்சிப் படிங்க.

— ‘சர்க்கஸில்... சர்க்கஸில் சிங்கம் கர்ஜித்தது. குழந்தைகள் கதிகலங்கிப் போனார்கள்.’

— சிங்கமா?

— ஆமாங்க. சிங்கந்தான். ஆறுக்கு ஆறும் சரியா எழுதியிருக்கு. கெட்டிக்காரப் பொண்ணு. தயவுசெஞ்சி அத ஒண்ணும் சொல்லிடாதீங்க ஐயா. நாளைக்கி அனுப்பி வையுங்க. நான் பாத்துக்கறேன்.

— மொத அஞ்சிக்கும் அர்த்தம் அவகிட்டயே கேட்டு வாங்கிட்டேன் சார். நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாக்கத்தான் வந்தேன். கடசி வரி மட்டும் நேத்து நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு சொல்லச் சொல்ல அவ எழுதினது. அதுல சிங்கம் இல்ல. உங்க பேருதான் இருக்குது.