கொல்லைக் கதவு

அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி உட்கார்ந்து சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் முதலியார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“கொரோனா அப்ப எங்க நாத்தனார் வீட்டு அடுப்படிதான் செக்போஸ்ட்டு” என்றார் அவர்.

இளையவள் சிரித்தாள். “என்னக்கா சொல்றீங்க?”

“அவ வீடு பார்டர்ல இருக்கு. வாசல் தமிழ்நாடு, கொல்லை நம்ம பாண்டி. ரோட்டுல தடுப்பு போட்டு, பாஸ் இல்லாத வண்டிய எல்லாம் திருப்பிட்டாங்க. கடையில பால் பவுடர் சுத்தமா தீந்துபோச்சு. கைக்கொழந்தைய வச்சிக்கினு வந்து நிக்கிறாங்க, என்ன பதில் சொல்றது?”

“அப்பறம்?”

“கடலூர் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். ‘அவ வாசல்ல எறக்கிட்டுப் போய்யா, மீதிய நான் பாத்துக்கறேன்’னேன். பெட்டிய அடுப்படி வழியா தூக்கிக்கினு வந்து, கொல்லையில நம்ம ஆட்டோவுல ஏத்தினோம். அதுக்கப்பறம் ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லல.”

“போலீஸ் கேக்கலியா?”

“கேட்டாரு. ‘எங்க வீட்டுக்குள்ள நடக்கறதுக்கும் பாஸ் வேணுமா சார்?’னு நாத்தனா கேட்டா. வண்டிய எடுத்துக்கினு போயிட்டாரு.”

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

“இப்ப அந்த வீட்ட இடிச்சிக் கட்றாங்க” என்றார் மூத்தவர். “கதவு பாக்கத்தான் டவுனுக்குப் போறேன்.”

“வாசக் கதவா?”

“அது எப்பிடி இருந்தா என்ன? கொல்லக் கதவு. பெட்டியோட ஆளு நேரா நுழையணும். போன தடவ அந்தக் குறுகல்ல சைடு வாங்கி சைடு வாங்கியே என் இடுப்பு போச்சு.”