லாரிக்காரர் கேட்ட கேள்விகள்

டாக்டர்: பஞ்சை நல்லா கடிச்சுக்கச் சொல்லுங்க டீச்சர். அரைமணி நேரத்துக்கு எடுக்கக் கூடாது.

டீச்சர்: சொல்லிட்டேன்.

டாக்டர்: துப்பவும் கூடாது.

டீச்சர்: அதையும் சொல்லிட்டேன். ஏழு வருஷமா உங்க பக்கத்துல நின்னு இதையேதான் மொழிபெயர்க்கிறேன். எனக்கு மனப்பாடம். நீங்க வாயே தொறக்க வேண்டாம்.

டாக்டர்: அப்ப நான் எதுக்கு? அடுத்த கேம்பை நீங்களே நடத்திடுவீங்க போல.

டீச்சர்: ஏன், நீங்க எங்க போறீங்க?

டாக்டர்: ...சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

டீச்சர்: இருங்க, இந்த லாரிக்காரர் ஏதோ சொல்றாரு.

டாக்டர்: என்னவாம்?

டீச்சர்: "டாக்டர் அடுத்த வருஷமும் வருவாரா"ன்னு கேக்குறாரு.

டாக்டர்: யாரு, இவரா? வாய் நிறைய பஞ்சு இருக்கு. எனக்கு வெறும் "ம்ம்ம்"னுதானே கேட்டுச்சு?

டீச்சர்: லாரி ஓட்டுறவரு. இன்ஜின் சத்தத்துலயே பேசிப் பழகினவரு. பஞ்செல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

டாக்டர்: சரிதான். பல்லு போனாலும் வாய் போகலை.

டீச்சர்: பதில் சொல்லுங்க. பாவம், காத்திருக்காரு பாருங்க.

டாக்டர்: பல்லு வலின்னு வந்தவருக்கு அதெல்லாம் எதுக்கு?

டீச்சர்: காலையில ஜெபத்துல பாஸ்டர் உங்களுக்குன்னு தனியா நன்றி சொன்னாரில்ல... "இத்தனை வருஷம் கடல் தாண்டி வந்து இந்த ஜனங்களுக்குச் செஞ்சதுக்காக"ன்னு. அதைக் கேட்டதுலேருந்து இவருக்கு ஒரே கவலையாம்.

டாக்டர்: இவரு ஜெபத்துக்கே வரலையே. பத்து மணிக்குத்தானே லாரியை நிறுத்திட்டு வந்து வரிசையில நின்னாரு?

டீச்சர்: ...யாராவது சொல்லியிருப்பாங்க. ஊர் வாயை மூட முடியுமா?

டாக்டர்: ம்ம்... பார்க்கலாம்னு சொல்லுங்க.

டீச்சர்: "பார்க்கலாம்"னா வர மாட்டேன்னு அர்த்தமாம். இவரு சொல்றாரு.

டாக்டர்: விவரமான ஆளுதான்.

டீச்சர்: இன்னொண்ணும் கேக்குறாரு. உங்க ஊர்ல உங்களைத் தேடுறதுக்கு யாராச்சும்... புதுசா...

டாக்டர்: புதுசா?

டீச்சர்: அட, நான் கேக்கலை. இவருதான்.

டாக்டர்: ஒருத்தரும் இல்லைன்னு சொல்லுங்க. வீட்டுக்காரி போய் ஒன்பது வருஷம் ஆச்சு. பையன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். "சாப்பிட்டீங்களாப்பா"ம்பான். சாப்பிட்டேன்பேன். வெச்சுடுவான்.

டீச்சர்: அவ்வளவுதான் பேசுவானா?

டாக்டர்: சொல்லலையா அவர்கிட்ட?

டீச்சர்: ஆங்... சொல்றேன், சொல்றேன்... சொல்லிட்டேன்.

டாக்டர்: இவ்வளவையும் ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க?

டீச்சர்: இந்த ஊரு பாஷை ரொம்பச் சிக்கனம். சரி, மாத்திரைச் சீட்டைக் குடுத்து அனுப்பிடலாமா? இவருதான் கடைசி. வரிசை முடிஞ்சுது. அடுத்த ரூம்ல கண்ணு டாக்டர்கூட மேஜையை ஒதுக்கிட்டாரு.

டாக்டர்: அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா...

டீச்சர்: நாலு மணிக்கு உங்க டீமுக்கு பஸ் வந்துடும். பாத்து மெதுவாப் போகச் சொல்லிட்டேன் அவரை.

டாக்டர்: மேஜையை ஒதுக்கிடலாம். கையுறை எவ்வளவு மிச்சம்?

டீச்சர்: வைங்க அங்கயே. எல்லாம் நான் பாத்துக்கறேன். திங்கக்கிழமைக்குள்ள இந்த ரூம் மறுபடியும் மூணாம் வகுப்பா மாறணும். பசங்க வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு, "டீச்சர், மருந்து நாத்தம், ஜன்னலைத் தொறங்க"ன்னு கத்துவாங்க. ஒரு வாரத்துக்குத் தொறக்க மாட்டேன்.

டாக்டர்: ஏன்?

டீச்சர்: ...கொசு வரும்.

டாக்டர்: கொஞ்சம் உக்காருங்க டீச்சர். காலையிலேருந்து நிக்கிறீங்க.

டீச்சர்: நீங்க போனப்புறம் உக்காந்துதானே இருக்கப் போறேன். இந்த ரெண்டு வாரந்தான் டாக்டர் நான் தமிழ் பேசுறது. கல்யாணமாகி இங்க வந்து இறங்கினப்போ, பேச அவர் ஒருத்தராவது இருந்தாரு. அவரும் கண்ணை மூடினப்புறம்... கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்திருக்கேன். சிரிக்காதீங்க.

டாக்டர்: சிரிக்கலை.

டீச்சர்: கேம்புக்கு ஒரு மாசம் இருக்கும்போதே ஒத்திகை ஆரம்பிச்சுடுவேன். "வாங்க டாக்டர், பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சா?" நாக்கு குழறிடக் கூடாதேன்னு பயம்.

டாக்டர்: அதான் வருஷா வருஷம் அதே வாக்கியமா?

டீச்சர்: கிண்டலா? நல்லாக் கேட்டீங்க போங்க!

டாக்டர்: வாசல்ல பாருங்க. லாரிக்காரர் திரும்பி வந்துட்டாரு.

டீச்சர்: ஐயையோ, பஞ்சைக் கையில எடுத்து வெச்சிருக்காரே!

டாக்டர்: விடுங்க, ஏதோ சொல்லணும்னு வந்திருக்காரு. சொல்லட்டும்... ரொம்ப நேரம் பேசுறாரே. உங்களை வேற கைகாட்டுறாரு. என்னவாம்?

டீச்சர்: ...மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு கேக்குறாரு.

டாக்டர்: இவ்வளவு நேரமும் அதைத்தான் கேட்டாரா?

டீச்சர்: இந்த ஊரு பாஷை கொஞ்சம் வளவளன்னு இருக்கும்.

டாக்டர்: இப்பதானே சிக்கனம்னீங்க?

டீச்சர்: முன்னாடியா பின்னாடியா, அதைச் சொல்லுங்க டாக்டர்!

டாக்டர்: பின்னாடி. பஞ்சு புதுசா ஒண்ணு குடுத்து அனுப்புங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

டீச்சர்: புழுக்கம்... போயிட்டாரு. டாக்டர், இப்ப நடுவுல யாரும் இல்லை. நானே கேக்குறேன். அடுத்த வருஷம் வருவீங்களா, மாட்டீங்களா?

டாக்டர்: நீங்களே பாத்திருப்பீங்களே...

டீச்சர்: பாத்தேன். இந்தத் தடவை ஒரு பல்லுகூட நீங்க பிடுங்கலை. எல்லாத்துக்கும் பக்கத்து மேஜை சின்ன டாக்டரைக் கூப்பிட்டீங்க. கேட்டா வருத்தப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்.

டாக்டர்: விரல் மரத்துப்போகுது டீச்சர். நாலு மாசமாச்சு. நடுக்கமும் இருக்கு. இந்தக் கையை வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் வாய்க்குள்ள இடுக்கியை விடுறது பாவம். பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்.

டீச்சர்: அதான் அந்த நன்றியா...

டாக்டர்: ஆமா.

டீச்சர்: அப்ப அவ்வளவுதான்.

டாக்டர்: பல்லு டாக்டரா அவ்வளவுதான்.

டீச்சர்: வேற என்னவா வருவீங்க? சமையலுக்கா? வெந்நீர் வெக்கிறேன்னு பாத்திரத்தையே கருக்கின ஆளு நீங்க.

டாக்டர்: மொழிபெயர்க்கப் பேர் குடுத்திருக்கேன். இங்க மிஷன் ஆஸ்பத்திரியில வருஷம் பூரா ஆள் வேணுமாம். நாலு மணி பஸ்ல நான் ஏறலை.

டீச்சர்: மொழிபெயர்க்கவா! "வணக்கம்", "வலிக்குதா"... இது ரெண்டைத் தவிர இந்த ஊரு பாஷையில என்ன தெரியும் உங்களுக்கு?

டாக்டர்: பாஸ்டர் பரீட்சையே வெச்சாரு.

டீச்சர்: விளையாடாதீங்க டாக்டர். எனக்கு ஒரு பக்கம் அழுகை முட்டிக்கிட்டு வருது, நீங்க என்னடான்னா...

டாக்டர்: லாரிக்காரர் மாத்திரையைப் பத்திக் கேக்கவே இல்லை டீச்சர்.

டீச்சர்: பின்ன என்ன கேட்டாராம்?

டாக்டர்: "பஸ் கிளம்பின உடனே எங்க டீச்சர் ரோட்டோரமா நின்னு அழுவாங்க. வருஷா வருஷம் நான்தான் லாரியில ஏத்திக்கிட்டுப் போய் வீட்டுல விடுறேன். இந்தத் தடவையாவது நீங்க கூட்டிட்டுப் போங்க"ன்னாரு.

டீச்சர்: ...ஐயோ... உங்களுக்கு... எப்போலேருந்து புரியுது?

டாக்டர்: மூணாவது வருஷத்துலேருந்து. நோயாளிங்க கேக்காத கேள்வியெல்லாம் நீங்க கேட்டீங்க, நானும் உங்களுக்குத்தான் பதில் சொன்னேன். புரியுதுன்னு ஒரு வார்த்தை விட்டிருந்தா, இவருக்கு இனிமே ஆள் வேண்டாம்னு உங்களைக் கண்ணு டாக்டர் மேஜைக்கு அனுப்பியிருப்பாங்களே டீச்சர்.