ஈரம் படாத தொட்டி

குப்பைத்தொட்டியைக் கழுவியதும் நிமிர்த்தி வைக்கக் கூடாது. கவிழ்த்து வைக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற போர்ட் பிளேரில், துடைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, உள்ளே பழைய பேப்பரை மடித்துப் போட்டால்தான் தொட்டி நாறாமல் இருக்கும்.

சுனாமியன்று கடலோரத்து ஜங்லிகாட் வீட்டுக்குள் கடல் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஈரம் ஆகாது. பத்துபஸ்தியில் வீடு கட்டியபோது முற்றம் முழுக்க சிமென்ட் பூசினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனதும் 'ஈரமில்லாத தொட்டி' என்று ஒரு போட்டி அறிவித்தேன். நானும் கலந்துகொண்டேன். செயலாளர் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி இல்லை. விதிகளை எழுதியது நான்தான்.

என் மனைவி சந்திரமதிக்குச் சர்க்கரை வியாதி. மிச்சச் சோறு, குழம்பு எதுவும் தொட்டியில் விழக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நாய்க்கு வைத்தால் வாசலில் கூட்டம் சேரும். கக்கூஸில் ஊற்றினால் அடைக்கும். அவளே சாப்பிட ஆரம்பித்தாள். நான் சாப்பிடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"உங்க தொட்டி என் வயிறுதான் போலிருக்கு" என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

போட்டிக்கு முந்தின நாள் முழுக்க கரண்ட் இல்லை. போட்டியன்று காலையில் ஃப்ரிட்ஜில் இருந்த சூரை மீன் குழம்பு நுரைத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

"இதை எங்கங்க கொட்டுறது?"

"தொட்டியப் பாக்க கமிட்டி வர்ற நேரம். என்னமோ பண்ணு. தொட்டில மட்டும் போடாத."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தட்டை எடுத்தாள். எதிரில் உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டி வாசலுக்கு வந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டியிடம் வந்தாள். "அதைக் குடுங்க, வாந்தி வருது." தொட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவளை உள்ளறைக்கு அனுப்பி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

கமிட்டியிலிருந்த ஷீலா மேடம் தொட்டிக்குள் கைவிட்டுத் தடவினார். "ஏக்தம் சூக்கா சார், ஒரு பொட்டு ஈரம் இல்ல! மேடம் எங்கே?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

டீ கொடுத்தேன். தொட்டிப் பராமரிப்பு பற்றிக் கொஞ்சம் பேசினேன். தலையாட்டினார்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் பேசினேன். உள்ளே அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் அது எனக்கு மட்டும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். உடம்பில் நீரே இல்லாமல் வற்றிவிட்டது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். பரிசு எனக்குத்தான் கிடைத்தது: ஒரு புதுத் தொட்டி.

இன்ஸ்பெக்டர் சார், குழம்பு கெட்டது தெரிந்தேதான் அவளைச் சாப்பிட விட்டேன். தட்டுவது கேட்டும் திறக்கவில்லை. கொன்றது நான்.

இப்போது நான் சமைப்பதிலும் மிச்சம் விழுகிறது. பையில் கட்டி, தெருமுனைப் பொதுத்தொட்டியில் போட்டுவிட்டு வருகிறேன். அன்றும் அது அங்கேதான் இருந்தது. செயலாளர் ஒழுகுகிற பையோடு தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் போகவில்லை.

யாரும் பார்ப்பதே இல்லை, சார்.